அக்கா பையனுக்கு ஏன் மாதாமாதம் ரத்தம்?

கேள்வி: கணவருக்கு விந்தணு இல்லை. அடுத்த மாதம் கோவையில் தான விந்தணு வைத்துச் சிகிச்சை. முகம் தெரியாதவரின் நோய் ஏதாவது குழந்தைக்கு வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை. 500 நோய்களுக்குச் சோதனை செய்யச் சொல்லி யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். எட்டு மாதமாக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் எனக்கு ரத்தம் ஊறவில்லை. அக்கா பையனுக்கும் ரத்தம் போதாமல் மாதாமாதம் ஏற்றுகிறார்கள்.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: போகிறபோக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. சின்னப் பையனுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றால் முதலில் நினைக்க வேண்டியது தாலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக் குறை. அது உறுதியானால் உங்கள் அக்காவும் அத்தானும் அந்தக் குறையைச் சுமப்பவர்கள். அக்காவுக்கு அது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். அப்படியானால் உங்களிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நீங்கள் அனுப்பிய ரத்த அறிக்கையைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.8. சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி வெறும் 64. ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 56 லட்சம். வெறும் இரும்புக் குறை என்றால் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். அணு சிறுத்து எண்ணிக்கை கூடியிருந்தால் தாலசீமியா சுமப்பவரா என்று பார்த்தே ஆக வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கி எட்டு மாதம் இரும்பு மாத்திரை விழுங்கியது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. இன்றோடு நிறுத்துங்கள். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையைப் பார்த்த பிறகு தேவையென்றால் தொடங்கலாம்.

செய்ய வேண்டியது ஹெச்பிஎல்சி என்ற ரத்தச் சோதனை, இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நீங்கள் சுமப்பவர் என்று பொருள். இரும்புச் சத்து குறைந்திருந்தால் இந்த அளவு இறங்கிக் காட்டும், அதனால்தான் ஃபெரிட்டினையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா பையனின் ஃபைலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் மரபணு அறிக்கை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சுமப்பவராகவே இருந்தாலும் பயப்படாதீர்கள், அது உங்களுக்கு நோய் இல்லை. தானம் கொடுப்பவரும் சுமப்பவராக இருந்தால்தான் சிக்கல்: ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு முழு நோய் வர. ஆகவே அவருடைய ஹெச்பிஎல்சி அறிக்கையை அவர் பெயரை மறைத்துத் தரும்படி விந்தணு வங்கியிடம் கேளுங்கள். 'எல்லா டெஸ்டும் நார்மல்' என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, சிபிலிஸ் சோதனைகளை மனதில் வைத்துக்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம். காகிதம் வராவிட்டால் வேறு தானம் கேளுங்கள்.

நம் பக்கம் ரத்தக் குறை என்றாலே அட்டப்பாடி, வயநாடு, சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரைக் குறை) என்று மலைக்கு மேலே கை காட்டிவிடுகிறோம். இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் தெரியவந்ததும் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ஆனால் தாலசீமியா எல்லாச் சமூகத்திலும் உண்டு. நீங்கள் தாலசீமியா சுமப்பவராக இருந்து, தானம் கொடுப்பவரிடம் சிக்கிள் செல் குறை இருந்தாலும் குழந்தைக்கு ஆபத்துதான். அதே ஹெச்பிஎல்சி அதையும் காட்டிவிடும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தது இந்தக் குழந்தையைத் தொடாது, விந்தணு கணவருடையது இல்லையே. 500 நோய்ச் சோதனை வசதி இருந்தால் செய்யலாம். செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது ஒன்றிரண்டு அகப்படும். அதே மரபணுவில் உங்களுக்கும் தானம் கொடுப்பவருக்கும் குறை இருந்தாலோ, தாயிடம் மட்டும் இருந்தாலே மகனுக்கு வரக்கூடிய குறை உங்களிடம் இருந்தாலோ மட்டும் கவலைப்படுங்கள். அந்த வீடியோவை இனி பார்க்க வேண்டாம்.

அடுத்த மாதச் சிகிச்சையை, உங்களுடையது, தானம் கொடுப்பவருடையது என இரண்டு அறிக்கைகளும் கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள். மையத்துக்கு இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். அப்புறம், அக்காவிடமும் பேசுங்கள். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறார்கள் என்றால் கர்ப்பமான 11ஆவது வாரத்திலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.