அப்பாவுக்குப் புரியாத பாராட்டு

கேள்வி: மூன்று மாதமாகத் தினமும் 30 கடினமான ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது. கற்றவற்றைப் பேச்சில் பயன்படுத்தவும் பார்க்கிறேன். அப்பாவின் பணி ஓய்வு விழாவில், அவருக்கு என் ‘ஃபுல்சம்’ பாராட்டு என்று பேசினேன். அப்படியென்றால் என்ன என்று அப்பா கேட்டார், சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன். சொற்கள் மனதில் நிற்க என்ன வழி?

பதில்: மறதியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த விழா. ‘ஃபுல்’ என்று தொடங்குவதால் முழுமனதான பாராட்டு என்று நினைத்துவிட்டீர்கள், இல்லையா? மிகையான, கேட்கவே கூசுகிற புகழ்ச்சிக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். தாராளமான என்ற பொருளிலும் சிலர் எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் நெளிந்திருப்பார். பெற்ற அப்பாவை மேடையில் உட்கார வைத்து, நான் தருவது வெறும் முகஸ்துதி என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம், தம்பி. அவர் கேட்டபோது ‘புரியாது’ என்றீர்களே, அதை விட எனக்கு மனம் வரவில்லை. சின்ன வயதில் ‘அது என்ன, இது என்ன’ என்று நீங்கள் அவரை எத்தனை முறை துளைத்திருப்பீர்கள்? அவர் கேட்டது ஒரே ஒரு முறை. பொருள் தெரியாதவர் அவரல்ல, நீங்கள். சொல்ல முயன்றிருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பீர்கள், தவறு அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

உங்கள் நோட்டின் கோளாறும் இதுதான். ஒரு சொல், எதிரே ஒரு பொருள், அவ்வளவே. அந்தச் சொல் எதனோடு சேரும் என்பது அதில் இல்லை. தமிழில் மழையும் பலத்தது, காற்றும் பலத்தது. ஆங்கிலத்தில் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. மாற்றிச் சொன்னால் காதில் இடிக்கும்.

சரி, மறதி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது என்று 1885-லேயே எழுதிவிட்டார். அதனால் 30 வேண்டாம், 5 போதும். படிக்கும்போது எதிர்ப்பட்ட சொற்களை, அவை வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். மறுநாளும், இரண்டு நாள் விட்டும், அடுத்த வாரமும் பொருளை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.

இரவில் அந்த ஐந்தையும் அப்பாவிடம் தமிழில் விளக்குங்கள். அவர் தலையாட்டும்வரை அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள். முதல் சொல் ‘ஃபுல்சம்’. கூடவே, அன்றைக்கு உண்மையில் என்ன சொல்ல நினைத்தீர்களோ, அதையும் சொல்லிவிடுங்கள்.