வில்லுப்பாட்டுத் துண்டுகளை ஒரே எம்பி3 ஆக்குவது: கேள்வி பதில்

கோவில் கொடை (திருவிழா) முடிந்த கையோடு எல்லோர் போனிலும் வில்லுப்பாட்டு துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதை ஒன்றாகச் சேர்த்து அளவையும் குறைப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

களக்காட்டிலிருந்து: அண்ணாச்சி, சுடலைமாடன் கதை முழுக்க வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக வந்திருக்கு. எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. கம்ப்யூட்டர்ல எப்படிச் சேர்க்க?

ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள் போதும் தம்பி, இலவசம்தான். முதலில் துண்டுகளை ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து 01, 02 என்று பெயர் மாற்றுங்கள், வெறும் 1, 2 என்று வைத்தால் சில மென்பொருளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். வாட்ஸ்அப் கொடுத்த பெயரில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், பாடிய வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொடக்கத்தில் வரும் காப்பு எது, முடிவில் வரும் வாழி எது என்று காதால் கேட்டுத்தான் அடுக்க வேண்டும்; வேலை பிடிக்கும், ஆனால் கதை மாறாமல் இருக்க வேறு வழி கிடையாது.

அப்புறம் எல்லாவற்றையும் ஆடாசிட்டிக்குள் இழுத்துப் போட்டால் ஒவ்வொன்றும் தனி டிராக்காக வரும். வாய்ஸ் மெசேஜ் ஓபஸ் என்ற ஒலிக் கோப்பு வகை, திறக்கவில்லை என்றால் பல வகைக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டிராக்ஸ் மெனுவில் ஒன்றன் முடிவில் அடுத்தது தொடங்கும்படி அடுக்கச் சொல்லிவிட்டு எம்பி3-ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓபஸ் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எம்பி3 ஆக்கி, பிறகு சேர்த்து, மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் பாட்டில் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. சுருக்குவது கடைசியில், ஒரே ஒரு தடவை.

வள்ளியூரிலிருந்து: எத்தனை கிலோபிட் வைக்கணும்?

வாய்ஸ் மெசேஜுக்கு மோனோ (ஒற்றைச் சேனல்), வினாடிக்கு 64 கிலோபிட். ஒரு மணி நேரம் ஏறத்தாழ 29 எம்.பி. வரும். 128 வைத்தால் இரண்டு மடங்கு இடம் போகும், தரம் கூடாது, ஏனென்றால் மூலத்தில் இல்லாததை எம்பி3 உண்டாக்காது. மைக் செட்டில் இருந்து நேராக ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகப் பதிந்திருந்தால் கதை வேறு. அது ஒரு மணி நேரத்துக்கே 600 எம்.பி.யைத் தாண்டும். அதை 128-க்குக் கீழே இறக்காதீர்கள், முதலில் கெடுவது ஜால்ராத் தாளம்தான், கணீரென்ற ஓசை தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும்.

வீரவநல்லூரிலிருந்து: எம்பி3 கோப்புகளை காப்பி கட்டளையில் ஒட்டினேன். முழுசாப் பாடுது, ஆனா நீளம் நாலு நிமிஷம்னு காட்டுது.

முதல் கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் நீளத்தைத்தான் பிளேயர் படிக்கிறது, அதனால் நடுவில் தாவிக் கேட்கவும் முடியாது. எஃப்எஃப்எம்பெக்கில் கோப்புப் பட்டியல் ஒன்று கொடுத்து, மறுபடி சுருக்காமல் அப்படியே சேர்க்கலாம். எல்லாக் கோப்பும் ஒரே வகை, ஒரே சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்பது), ஒரே சேனல் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு எம்பி3-யின் தொடக்கத்திலும் முடிவிலும் துளி மௌனம் சேர்ந்திருக்கும். பேச்சில் தெரியாது, குடத்தில் தாளம் ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் அடி தடுக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஒட்டின இடத்துல எல்லாம் 'டக்'னு சத்தம் வருது.

அக்கா, ஒலி அலை மேலேயோ கீழேயோ இருக்கும்போது வெட்டினால் அந்தச் சத்தம் வரும். ஆடாசிட்டியில் வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்து இசட் விசையை அழுத்தினால் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். துண்டின் முனைகளில் சில மில்லிவினாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) கொடுத்தாலும் போய்விடும். இரண்டு போனில் ஒரே அடி பதிவாகியிருந்தால் அந்த அடியில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுங்கள், ஒட்டே தெரியாது.

மேலப்பாளையத்திலிருந்து: ஒண்ணு கத்துது, ஒண்ணு கேக்கவே மாட்டேங்குது.

உச்ச அளவைச் சமன் செய்தால் சரியாகாது, குடத்தில் விழும் ஒரே அடி உச்சத்தைத் தொட்டுவிடும், பாட்டுக் குரல் தாழ்ந்தே கிடக்கும். காதுக்குக் கேட்கும் சத்தத்தைச் சமன் செய்யும் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்று இருப்பதை எடுங்கள். அதை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக, ஒரே டிராக்காகக் கலப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்து கிழிந்துபோன குரலுக்கு மட்டும் இதில் மருந்து இல்லை.

ராதாபுரத்திலிருந்து: சேர்த்து முடிச்சாச்சு. பழைய துண்டுகளை அழிச்சிரலாமா?

அழிக்காதீர்கள் ஐயா. நம் பக்கத்தில் பாடுகிறவர்கள் பலர் வயதானவர்கள், அடுத்த கொடையில் அதே குரல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூலத் துண்டுகள் இரண்டு இடத்தில் இருக்கட்டும். கோவில், ஊர், வருடம், பாடியவர், குடம் அடித்தவர் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள். யூடியூபில் போடுவதாக இருந்தால் பாடின குழுவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நாங்குநேரியிலிருந்து: மைக் செட்டுக்காரர் பென் டிரைவ்ல கேக்கிறார்.

பென் டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, மாறாத பிட்ரேட்டில் (கிலோபிட் அளவு முழுக்க ஒன்றாக) எடுத்த எம்பி3-யைக் கொடுங்கள். பழைய செட்டுகளுக்கு அதுதான் ஒத்துவரும்.