அப்பாவின் மறதியும் இனிப்புநீரும்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. இருபது வருடமாக இனிப்புநீர், கூடவே ரத்தக் கொதிப்பு. நான்கு வருடத்துக்கு முன் பைபாஸ் செய்தார்கள். வருடா வருடம் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கணக்கு எழுதியவர், இப்போது மார்க்கெட்டில் மீதிச் சில்லறையை எண்ணத் தடுமாறுகிறார். கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மாலையில் சில நாள் பேச்சே குழம்புகிறது. இனிப்புநீர் இருந்தால் மறதி நோய் வரும் என்று கேள்விப்பட்டு, பயத்தில் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டேன். அண்ணன், "வயசானா அப்படித்தான்" என்கிறார். பைபாஸ்தான் காரணமா? எனக்கு 46 வயது, பிரஷர் இருக்கிறது. எனக்கும் வருமா?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: அன்புச் சகோதரி, முதல் வேலையாக அப்பாவுக்கு இன்றிரவே சாப்பாடு போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த மாலை நேரக் குழப்பம்தான். கிளிக்கிளசைட் போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்தால், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வழக்கமாக அப்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஆனால் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் பைசோப்ரோலால் போன்ற மாத்திரைகள் அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். பார்ப்பவர்களுக்கு வியர்வையும் குழம்பிய பேச்சும்தான் தெரியும். வீட்டில் அதை மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். இப்படி அடிக்கடி சர்க்கரை இறங்கும் முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

அதனால் அடுத்த முறை குழம்பினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை 4க்குக் கீழே (mmol/L அளவில்) இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கும் 999தான்.

சரி, பைபாஸுக்கு வருவோம். ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு மூளை மந்தமாக இருப்பது உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் அது தெளிந்துவிடும். நான்கு வருடம் கழித்து வரும் தடுமாற்றத்துக்கு அந்த ஆபரேஷனைவிட, அதை அவசியமாக்கிய நோயே முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதயக் குழாயை அடைத்த அதே கொழுப்பும் கொதிப்பும் இனிப்புநீரும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை, ஆனால் உடல் எடுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காடு அதற்கே போகிறது. குழாய் சுருங்கினால் முதல் அடி அங்கேதான். கை கால் இழுக்காத, நமக்குத் தெரியவே தெரியாத சின்னச் சின்ன பக்கவாதங்கள் அங்கே வந்து போகும். இந்த வகைப் பாதிப்பில் பெயரும் முகமும் மறப்பதற்கு முன்பே கணக்குப் போடுவதும் திட்டமிடுவதும் தடுமாறுவதுண்டு. பந்தல் கணக்கு எழுதியவர் சில்லறையில் திணறுவதை அதனால்தான் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனிடமும் இதைச் சொல்லுங்கள். வயதானால் சாவியை எங்கே வைத்தோம் என்பது மறக்கலாம். தெரிந்த கணக்கு கைவிட்டுப் போவதை வயது என்று தள்ளிவிடக் கூடாது.

இதயத்துக்கு ஒரு இடம், இனிப்புநீருக்கு ஒரு இடம் என்று போகிறீர்கள் என்றால், இரண்டு இடத்து மருந்துகளையும் ஒரே பையில் போட்டு, குத்திப் பார்த்த அளவுகளைத் தேதியோடு எழுதி, ஒரே டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்குகிறாரா என்றும் கவனியுங்கள். மறதி உள்ளவர்கள் வீட்டில் இது சர்வ சாதாரணம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறையலாம், அதனாலும் மறதி வரும். அதையும் தைராய்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா, நாடித் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்பதும் முக்கியம். தாறுமாறான துடிப்பு பக்கவாதத்தையும் கொண்டுவரும், மறதியையும் கொண்டுவரும். அதற்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டு. அப்பா வயதில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 விழுக்காடு வரை இருந்தாலும் பல டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆறரைக்குக் கொண்டுவர நீங்கள் போராட வேண்டாம். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவும் வேண்டாம். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது. கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு வருமா? அப்பாவுக்கு இருப்பதாலேயே வந்துவிடாது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் சொன்ன கணக்குப்படி, மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் 45 விழுக்காட்டு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். நடுவயதின் கொதிப்பும் கொழுப்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, இனிப்புநீரும் இருக்கிறது. உங்கள் பிரஷர் மருந்தைத்தான் சொல்கிறேன், நாள் தவறாமல் எடுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். பி40 குடும்பம், அதாவது வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டுக் குடும்பம் என்றால், 40 வயது தாண்டியவர்களுக்கு அரசின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். அண்ணனையும் கையோடு கூட்டிப் போங்கள்.