அரசு இன்ஷூரன்ஸில் மனநல ஆலோசனை: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு சமூக சுகாதார நிலையத்தின் முன்மேசையில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களின் இன்ஷூரன்ஸைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. நான் தெரபிஸ்ட் (பேச்சு சிகிச்சை தருபவர்) இல்லை, வழி மட்டும் தெரியும். கீழே வரும் அரசு இன்ஷூரன்ஸ் இரண்டு: மெடிகேர் முக்கியமாக 65 தாண்டியவர்களுக்கு, மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

நியூ ஜெர்சியிலிருந்து: அக்கா, சோஷியல் வொர்க்கர் என்றால் உதவித்தொகைக்கு ஃபார்ம் நிரப்பித் தருபவர்தானே? என் கணவருக்கு மனச்சோர்வு. சோஷியல் வொர்க்கரைப் பார்க்கச் சொல்கிறார்கள், எதற்கு?

ஃபார்ம் நிரப்புகிறவர்களும் உண்டு. நீங்கள் தேட வேண்டியது கிளினிகல் சோஷியல் வொர்க்கரை. முதுகலைப் பட்டம், மேற்பார்வையில் சில ஆண்டு சிகிச்சை அனுபவம், தேர்வு, மாநில உரிமம் எல்லாம் இருக்கும். என்ன நோய் என்று கண்டறிவார், பேச்சு சிகிச்சை தருவார். மாத்திரை மட்டும் எழுத மாட்டார். உங்கள் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் எல்.சி.எஸ்.டபிள்யூ. (லைசன்ஸ்டு கிளினிகல் சோஷியல் வொர்க்கர்) என்று இருக்கும். மாசசூசெட்ஸில் அதே எழுத்துகள் ஒரு படி கீழே, அங்கே எல்.ஐ.சி.எஸ்.டபிள்யூ. என்பவர்தான் தனித்துச் சிகிச்சை தருபவர். இந்தக் குழப்பத்தை யார் கண்டுபிடித்தார்களோ!

கலிஃபோர்னியாவிலிருந்து: மெடி-கால் (கலிஃபோர்னியாவின் மெடிகெய்ட்) பிளான் கொடுத்த தெரபிஸ்ட் பட்டியலில் 14 பேருக்கு ஃபோன் போட்டுவிட்டேன். ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை. நான் என்ன தப்பு செய்கிறேன்?

உங்கள் தப்பு இல்லை, பட்டியல்தான் தப்பு. 2023-ல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு ஊழியர்கள், மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர்) பிளான்களின் பட்டியல்களிலிருந்து 120 மனநல சிகிச்சையாளர்களுக்கு நோயாளி வீட்டார் மாதிரி ஃபோன் செய்து பார்த்தார்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது 18 சதவீதம் அழைப்புகளில்தான். அது மெடிகேர். மெடிகெய்ட் பட்டியல்களும் ஒன்றும் உசத்தி இல்லை என்பதை என் மேசையிலேயே தினமும் பார்க்கிறேன்.

ஆனால் கேட்கிற விதத்தை மாற்றலாம். "மெடிகெய்ட் எடுப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். பல மாநிலங்களில் மெடிகெய்டை நடத்துவது தனியார் பிளான்கள். ஒன்றில் இருக்கும் தெரபிஸ்ட் இன்னொன்றில் இருக்க மாட்டார். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அச்சிட்ட பிளான் பெயரைப் படித்து இப்படிக் கேளுங்கள்:

"இந்தப் பிளானில் இப்போது புது பேஷன்ட் எடுக்கிறீர்களா? பிளானில் இருப்பது உங்கள் கிளினிக் மட்டுமா, நான் பார்க்கப்போகிற சோஷியல் வொர்க்கருமா? முதல் அப்பாயின்ட்மென்ட் எந்தத் தேதி?"

மூன்றாவது கேள்விதான் உயிர். "எடுக்கிறோம்" என்பார்கள், தேதி கேட்டால் நான்கு மாதம் தள்ளிச் சொல்வார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, பேசியவர் பெயர், பதில் மூன்றையும் எழுதி வையுங்கள். ஒருவர் எங்களிடம் கோடு போட்ட நோட்டில் 22 அழைப்புகளை எழுதிக்கொண்டு வந்தார். அதை அப்படியே பிளானின் மெம்பர் சர்வீஸுக்கு வாசித்துக் காட்டிப் புகார் பதியச் சொன்னேன். நெட்வொர்க்கில் (பிளானோடு ஒப்பந்தம் உள்ளவர்களில்) ஆள் இல்லையென்றால் வெளி ஆளுக்குப் பிளான் பணம் கட்ட வேண்டும் என்பது மெடிகெய்ட் விதி. அவருக்குக் கட்டினார்கள். உங்கள் மாநிலத்தில் அவசரமில்லாத மனநல அப்பாயின்ட்மென்டையே 10 வேலைநாளுக்குள் தர வேண்டும், அதையும் சொல்லுங்கள். பிரச்சினை தீவிரமானதென்றால் பிளானை விட்டுவிட்டு கவுன்டி (மாவட்ட) மனநலத் துறையைக் கூப்பிடுங்கள். மெடி-காலில் அது தனிப் பாதை.

சிகாகோவிலிருந்து: அம்மாவுக்கு 71 வயது, மெடிகேர் இருக்கிறது. ஆங்கிலம் வராது. நான் கூட உட்கார்ந்து மொழிபெயர்த்தால் போதுமா?

வேண்டாம் தம்பி. மருமகளைப் பற்றி அம்மாவுக்கு ஒரு மனக்குறை இருந்தால் அதை உன்னை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? மத்திய அரசின் பணம் பெறும் கிளினிக்குகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். பெரும்பாலும் ஃபோனில் வருவார். புக் செய்யும்போதே "தமிழ்" என்று அழுத்திச் சொல். "இந்தியன்" என்று சொன்னால் ஹிந்தி பேசுகிறவரைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். நடந்திருக்கிறது.

பணம்: ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்துவது) என்றால் பார்ட் பி-யில் (டாக்டர், கிளினிக் செலவுக்கான பகுதி) வரும். வருஷ டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை, 2025-ல் 257 டாலர்) முடிந்த பிறகு 20 சதவீதம் அம்மா பங்கு. மெடிகேரில் இருக்கும் கிளினிகல் சோஷியல் வொர்க்கர் மெடிகேர் நிர்ணயித்த தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் மெடிகேரிலிருந்து 'ஆப்ட் அவுட்' செய்தவர்களும் உண்டு. அவர்களிடம் போனால் முழுப் பணமும் கைக்காசு. முதலிலேயே கேட்டுவிடு. அட்வான்டேஜ் பிளான் என்றால் நெட்வொர்க் பார்க்க வேண்டும், மேலே சொன்ன அதே ஃபோன் கதைதான். சோஷியல் வொர்க்கர் கிடைக்காவிட்டால் மனநல கவுன்சிலரையும் பார்க்கலாம். 2024 ஜனவரியிலிருந்து அவர்களும் மெடிகேரில் சேரலாம்.

டல்லாஸிலிருந்து: பெற்றோர் கிரீன் கார்டில் வந்து 2 வருஷம் ஆகிறது. அப்பா யாரிடமும் பேசுவதே இல்லை. மெடிகெய்ட் கிடைக்குமா?

பொதுவாகக் குறைந்தது 5 வருஷம் ஆக வேண்டும், அதன் பிறகும் கிடைப்பது மாநிலத்தைப் பொறுத்தது. 65 தாண்டியவர் மாதக் கட்டணம் கட்டி மெடிகேர் வாங்கவும் அதே 5 வருஷத் தொடர்ச்சியான வாசம் வேண்டும். அதுவரை மத்திய அரசின் நிதியில் நடக்கும் சமூக சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வருமானத்துக்கேற்ற கட்டணம்தான், பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பல இடங்களில் டாக்டர் அறைக்குப் பக்கத்து அறையிலேயே சோஷியல் வொர்க்கர் இருப்பார். "சுகர் செக்கப்" என்று சொல்லி அழைத்துப் போனாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். இன்ஷூரன்ஸ் இருப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இந்த நிலையங்களைத்தான். மெடிகெய்ட், மெடிகேர் இரண்டும் எடுப்பார்கள்.

அட்லாண்டாவிலிருந்து: மெடிகெய்ட் எடுக்கும் தெரபிஸ்ட், ஒவ்வொரு தடவையும் 40 டாலர் தனியாகக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். மாநிலம் வைத்த சிறு கோ-பே (ஒவ்வொரு தடவையும் நோயாளி கட்டும் பங்கு) இருந்தால் அது தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. ரசீது கேளுங்கள், பிளானுக்குச் சொல்லுங்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: அப்பாயின்ட்மென்டுக்கு இன்னும் மூன்று வாரம். தங்கை "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறாள்.

மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். இன்றே 988-ஐ (தற்கொலை எண்ணம், மன நெருக்கடிக்கான உதவி எண்) அழையுங்கள். இன்ஷூரன்ஸ் தேவையில்லை, நீங்களே அவளுக்காகப் பேசலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அவளிடமும் நேராகக் கேளுங்கள், "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் பக்கத்திலேயே இருங்கள். உடனடி ஆபத்து என்றால் 911 (அவசர உதவி எண்). விடிந்ததும் கிளினிக்குக்கு ஃபோன் போட்டு அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். என் மேசைக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் அன்றைய அட்டவணையைக் கலைத்தாவது இடம் பார்ப்போம்.