டெவில் மே க்ரை 2: விட்டுவிடலாமா, முடித்துவிடலாமா?

கேள்வி: டெவில் மே க்ரை கேம் வரிசையில் முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் ரசித்து முடித்தேன். நான்கு, ஐந்துக்குப் போகும் முன் விட்டுப்போன இரண்டாம் பாகத்தைத் தொடங்கினேன். நாலு மிஷனிலேயே அலுத்துவிட்டது. தூரத்தில் நின்று சுட்டாலே எல்லாம் செத்துவிடுகிறது. விட்டுவிட்டால் கதை புரியாமல் போகுமா?

பதில்: கதைக்காக இதை ஆட வேண்டியதில்லை. காலவரிசைப்படி 3, 1, 2, 4, 5 என்றுதான் கதை நகர்கிறது. ஆனால் டுமாரி தீவில் ஏரியஸ் என்ற தொழிலதிபர் ஆர்கோசாக்ஸ் என்ற பேயை எழுப்பப் பார்ப்பதோடு இரண்டாம் பாகத்தின் கதை அடங்கிவிடுகிறது. அது தெரியாமலே நான்கும் ஐந்தும் நன்றாகப் புரியும்.

ஆனாலும் நாயகன் டான்டேயின் 18 மிஷன்களை முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வோம். மூன்றாம் பாகத்தில் நீங்கள் ரசித்த பலவற்றின் முதல் வடிவம் 2003-இல் வந்த இந்த கேமில்தான் இருக்கிறது. ரெபெல்லியன் வாள் இதில்தான் அறிமுகம். தனி பட்டனில் உருண்டு தப்புவது, சுவரில் ஓடுவது, மெனுவுக்குள் போகாமல் சண்டையின் நடுவிலேயே துப்பாக்கியை மாற்றுவது, தலைகீழாக விழுந்தபடி கீழே சுடுவது எல்லாம் இங்கே தொடங்கியவை. தயாரிப்பின் பிற்பகுதியில் பொறுப்பேற்ற ஹிடேயாகி இட்சுனோதான் பிறகு மூன்று, நான்கு, ஐந்தையும் இயக்கினார்.

அலுப்புக்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. துப்பாக்கியின் அடி அதிகம், எதிரிகளுக்கோ முன்னேறித் தாக்கும் வேகம் குறைவு. இடங்களும் விரிந்து கிடக்கின்றன, கேமராவும் விலகி நிற்கிறது. அதனால் சுடுவதற்கான சதுரப் பட்டனை விடாமல் தட்டுவதே ஜெயிக்க எளிய வழியாகிவிடுகிறது. அந்த வழியை நீங்களே அடைத்துவிட வேண்டும். இந்த கேமின் பணமான சிவப்பு உருண்டைகளைத் துப்பாக்கிகளில் போடவே போடாதீர்கள், மொத்தத்தையும் ரெபெல்லியனுக்கே செலவழியுங்கள். மற்ற இரண்டு வாள்களில் மெர்சிலெஸ் எட்டி அடிக்கும், வெண்டெட்டா பலமாக அடிக்கும். அசைவுகள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் அவற்றில் பணத்தைப் பிரிப்பது வீண்.

வாள் அசைவுகளைக் கடையில் வாங்க வேண்டாம், எல்லாம் முதலிலிருந்தே கையில் இருக்கின்றன. இது தெரியாமல் வாள் வீசும் முக்கோணப் பட்டனை மட்டும் தட்டிக்கொண்டே முடிப்பவர்கள் நிறைய. லாக்-ஆன் (ஒரே எதிரியைக் குறிவைக்கும் பட்டன்) பிடித்து, எதிரியின் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளி முக்கோணம் அடித்தால் பாய்ந்து குத்துவான்; பின்னால் இழுத்து அடித்தால் எதிரியை மேலே தூக்குவான். அடிகளுக்கு நடுவே ஸ்டிக்கின் திசையை மாற்றிப் பாருங்கள், வெட்டும் விதமே மாறும். தூக்கிய எதிரி கீழே விழாமல் இருக்க மட்டும் துப்பாக்கியைப் பயன்படுத்துங்கள்.

பேய் புகுந்த ஹெலிகாப்டரோடு நடக்கும் சண்டையில்தான் பலர் கேமை மூடிவைக்கிறார்கள். ஒரே இடத்தில் நின்று சுட்டே அதை வீழ்த்திவிடலாம் என்பதுதான் சிக்கல். பறக்கும் சக்தி தரும் ஏரியல் ஹார்ட்டை டான்டேயின் தாயத்தில் பொருத்திக்கொண்டு, டெவில் ட்ரிகரில் (பேய் உருவத்துக்கு மாறி) பறந்துபோய் வாளால் அடியுங்கள். சண்டைக்கு உயிர் வந்துவிடும். ட்ரிகர் அளவு தீர்ந்தால் இறங்கி, ஏவுகணைகளை உருண்டு தவிர்த்தபடி அது நிரம்பும்வரை சண்டையைத் தொடருங்கள்.

மூன்றாம் பாகத்தை முடித்த சூட்டோடு இதை ஆட வேண்டாம். அந்த வேகத்துக்குப் பழகிய கைக்கு இது தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கும். இடையில் வேறு ஏதாவது கேம் ஆடிவிட்டு வாருங்கள்.

இன்னொரு நாயகியான லூசியாவின் 13 மிஷன்கள் கட்டாயமில்லை. பல இடங்களும் எதிரிகளும் திரும்ப வருகிறார்கள், நீருக்கடியில் நீந்தும் பகுதிகளில் கேமராவும் ஒத்துழைக்காது. அவளுடைய இரட்டைக் கத்திகளின் வேகம் பிடித்திருந்தால் இரண்டு மூன்று மிஷன் ஆடுங்கள், போதும். ஹார்ட் என்ற கடின நிலையில் டான்டேயை முடித்தால், முதல் பாகத்தில் வந்த ட்ரிஷ்ஷாக ஆடலாம். ஸ்பார்டா வாளோடு முதல் பாகத்தின் சாயலில் சண்டை போடுவாள். ஆனால் நார்மல் நிலையை முடித்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். இல்லாவிட்டால் நேராக நான்காம் பாகம்தான்.