புது டிரைவர் வேண்டாம், முதலில் ‘பட்’ எண்ணிக்கையைக் குறையுங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். வயது 46. வாரம் இரண்டு நாள் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நூறு பந்து அடிக்கிறேன், பெரும்பாலும் டிரைவர்தான் (தூரமாக அடிக்கும் பெரிய மட்டை). ஞாயிறு காலை 18 குழி. ஸ்கோர் 108-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பட் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்லில் பந்தை உருட்டும் அடி) மட்டுமே 41 ஆகிவிடுகிறது. அந்தப் புல்தரையான கிரீன் பக்கத்தில் சிப் செய்தால் (சின்னதாகத் தூக்கி அடித்தால்) ஒன்று கிளப் (மட்டை) மண்ணில் குத்துகிறது, இல்லையென்றால் பந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறது. நண்பர்கள் புது டிரைவர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- சென்னை வாசகர்

பதில்: இப்போது வேண்டாம்.

பார் (குழிகளை முடிக்க வகுத்த அடிக்கணக்கு) 72 உள்ள மைதானத்தில் 108 என்றால் குழிக்கு இரண்டு ஸ்ட்ரோக் (அடி) கூடுதல், அதாவது எல்லாமே டபுள் போகி. நூறுக்குக் கீழே, 99-க்கு இறங்க ஒன்பது குழியில் போகி (பாரைவிட ஒன்று கூடுதல்), ஒன்பதில் டபுள் போகி போதும். ஒரு பார்கூடத் தேவையில்லை. பார் 4 குழியில் ஐந்து வந்தால் லாபம் என்று கணக்கு வைத்து ஆடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக் கடுப்பில் பாதி குறையும்.

அந்த ஒன்பது ஸ்ட்ரோக் எங்கே போகிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். பார் கணக்கில் குழிக்கு இரண்டு பட், மொத்தம் 36. உங்களுக்கு ஐந்து அதிகம். மீதி நான்கு சிப்பில் போகிறது. டிரைவர் இருபது கெஜம் கூடுதலாகப் போனாலும் இந்த ஒன்பதும் அப்படியேதான் இருக்கும்.

மூன்று பட் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் திசை இல்லை, தூரம். 30 அடியிலிருந்து அடித்த பந்து 8 அடி முன்னாலேயே நின்றுவிட்டால் அடுத்ததைப் போடுவது கஷ்டம். 8 அடியிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய இரண்டில் ஒன்றைத்தான் போடுகிறார்கள். முதல் பட்டில் பந்தைக் குழிக்கு 3 அடிக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். பயிற்சி கிரீனில் 10, 20, 30 அடியில் டீ குச்சிகளை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சிகள்) நட்டு, வரிசை மாற்றி மாற்றி அடியுங்கள். ஒத்திகை வீச்சின்போது கண் பந்தின்மேல் இல்லாமல் குச்சியின்மேல் இருக்கட்டும். தூரம் கூட வேண்டுமானால் பட்டரை (பட் அடிக்கும் கிளப்) இன்னும் பின்னே கொண்டுபோங்கள், வேகமாகத் தட்டாதீர்கள். ஊஞ்சல் மாதிரி, பின்னால் போன அளவு முன்னாலும் வர வேண்டும்.

திசைக்கு வீட்டிலேயே ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் போதும். அதன் ஒரு முனையில் பந்தை வைத்து உருட்டுங்கள். மறுமுனைவரை போகாமல் பக்கவாட்டில் விழுந்தால், அடிக்கும் நொடியில் பட்டரின் முகம் திரும்பியிருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு வளர்க்கும் பெர்முடா வகைப் புல்லுக்கு ஒரு குணம் உண்டு. சாய்ந்து வளரும், பந்தையும் அந்தப் பக்கமே இழுக்கும். குழியை நோக்கிப் பார்க்கும்போது புல் பளபளத்தால் பந்து வேகமாக ஓடும், கருத்துத் தெரிந்தால் மெதுவாகும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். எந்தப் பக்கம் பிய்ந்து நைந்திருக்கிறதோ, புல் அந்தப் பக்கம் சாய்கிறது. காலைப் பனி ஈரத்தில் மெதுவாகப் போன அதே கிரீன் ஒன்பது மணி வெயிலில் வேகமாகிவிடும். முதல் குழிகளில் பழகிய கையோடு கடைசிக் குழிகளை ஆடாதீர்கள்.

இனி சிப். நீங்கள் சொல்லும் இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். பந்தைக் கரண்டியால் அள்ளுவது போல மணிக்கட்டால் தூக்கப் பார்க்கிறீர்கள். எடை வலது காலுக்குப் போய்விடுகிறது, வீச்சின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. மண்ணில் குத்தினால் பந்து நகராது. மண்ணைத் தாண்டி மேலேறி வரும் கிளப்பின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டால் எதிர்ப்பக்கம் ஓடும். தூக்குகிற வேலையை கிளப் முகத்தின் சாய்வு பார்த்துக்கொள்ளும். (வலது கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன்.) கால்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு இடது காலில், கடைசிவரை. பந்து நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம், கைகள் பந்தைவிடச் சற்று முன்னால். மணிக்கட்டு மடங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் சாண்ட் வெட்ஜையே (முகம் மிகவும் சாய்ந்த கிளப்) எடுக்காதீர்கள். சமமான கிரீனில், அதைவிடச் சாய்வு குறைந்த பிட்சிங் வெட்ஜ் ஒரு பங்கு பறந்து இரண்டு பங்கு உருளும். சாய்வு இன்னும் குறைந்த 9 அயர்ன் ஒன்றுக்கு மூன்று, அதைவிடக் குறைந்த 8 அயர்ன் ஒன்றுக்கு நான்கு. பந்து கிரீனுக்கு வெளியே இரண்டு தப்படியில் கிடக்கிறது என்று வையுங்கள். மூன்றாம் தப்படியில், கிரீனுக்குள் ஒரு தப்படி தள்ளி, அதை விழ வையுங்கள். குழி பந்திலிருந்து 9 தப்படியில் இருந்தால் பிட்சிங் வெட்ஜ், 12 என்றால் 9 அயர்ன், 15 என்றால் 8 அயர்ன். விழும் இடம் மாறாது, கிளப்தான் மாறும். கிரீன் குழியை நோக்கி ஏறினால் அதிகம் உருளும் கிளப்புக்கும், இறங்கினால் குறைவாக உருளும் கிளப்புக்கும் ஒரு படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ரேஞ்சில் நூறு பந்தை நாற்பதாக்கி, மிச்ச நேரத்தைப் பயிற்சி கிரீனில் செலவிடுங்கள். இரண்டு பக்கமும் எல்லைக்கோடு நெருக்கும் குழியில் டிரைவரைப் பையிலேயே விடலாம். பந்து வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக்கும் போய், பழைய இடத்திலிருந்தே திரும்ப அடிக்க வேண்டும்.

அடுத்த நான்கு ஞாயிறும் ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பட் எண்ணிக்கையை எழுதுங்கள். மூன்று ஆன இடத்தில் முதல் பட் குறைந்ததா, தாண்டியதா என்று ‘கு’, ‘தா’ போட்டு வையுங்கள். ‘கு’தான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம்.