‘பார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

கேள்வி: சீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் ‘பார்’ என்றுதான் படித்தோம். எதை எங்கே போடுவது?

பதில்: வெளியே ஏதோ சத்தம். ஜன்னலருகே போய் எட்டிப் பார்க்கிறீர்கள். அது லுக். இருட்டில் முதலில் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மதில்மேல் ஒரு பூனை கண்ணில் படுகிறது. அது சீ. பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது வாட்ச்.

நாமே ‘பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை’ என்கிறோம் இல்லையா? அந்தப் ‘பார்த்தேன்’ லுக், அந்தத் ‘தெரியவில்லை’ சீ. பல இடங்களில் சீ என்ற சொல்லுக்குப் ‘பார்’ என்பதைவிடத் ‘தெரி’தான் நெருக்கம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

வாட்ச் என்பதும் விழித்திருப்பதைக் குறிக்கும் வேக் என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை. வாட்ச்மேன் என்கிறோமே, அவர் தூங்காமல் கண்காணிக்கிறவர். அதனால் அசைவதையும் மாறுவதையும் வாட்ச் செய்யலாம்: டிவி, கிரிக்கெட், விளையாடும் குழந்தை. அசையாத போட்டோவுக்கு லுக் அட்தான். ‘சீ த டிவி’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ‘வாட்ச் டிவி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். சினிமாவுக்கு மட்டும் சீ, வாட்ச் இரண்டும் சரி.

கேள்வி: வீடியோ மீட்டிங்கில் ‘ஐ ஆம் நாட் சீயிங் யுவர் ஸ்கிரீன்’ என்றேன். தவறு என்றார்கள். ஏன்?

பதில்: கண்ணில் படுவது நாம் செய்கிற வேலை இல்லை, தானாக நடப்பது. அதனால் அந்தப் பொருளில் சீ சாதாரணமாக ‘இங்’ ஏற்காது. ‘ஐ கேன்ட் சீ யுவர் ஸ்கிரீன்’ என்பதே இயல்பு. சந்திப்பது என்ற பொருளில் ‘இங்’ வரும்: ‘ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ’ சரியான வாக்கியம். ஆனால் ‘ஐ ஆம் சீயிங் சம்ஒன்’ என்றால் ஒருவரைக் காதலித்துப் பழகிவருகிறேன் என்று அர்த்தம். அலுவலகத்தில் கவனமாக இருங்கள்.

கேள்வி: ஸ்டேர், கிளேர், கேஸ், கிளான்ஸ், பீப்... அகராதியில் எல்லாமே ‘பார்த்தல்’ என்று இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. எப்படிப் பார்த்தார் என்பதைத் தமிழில் ‘பார்’ என்பதற்கு முன்னால் வரும் வினையெச்சம் சொல்லிவிடும். ஆங்கிலம் அதற்குத் தனி வினையே வைத்திருக்கிறது. அதனால் ‘பார்’ என்பதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய சொல்லைக் கவனியுங்கள். வெறித்துப் பார்த்தால் ஸ்டேர். முறைத்துப் பார்த்தால் கிளேர். மறைவாக எட்டிப் பார்த்தால் பீப். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் ஸ்க்வின்ட். லயித்துப் பார்த்தால் கேஸ் (வாயு இல்லை, ஜி, ஏ, இசட், ஈ).

ஸ்டேர், கேஸ் இரண்டிலும் கண் நகராது, மனசுதான் வேறு. தூங்கும் குழந்தையைத் தாய் பார்ப்பது கேஸ். முன்பின் தெரியாதவரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் ஸ்டேர், அது மரியாதைக் குறைவு. மொழிபெயர்ப்பில் இதை மாற்றிப் போட்டுக் கதாபாத்திரத்தின் குணத்தையே கெடுத்திருக்கிறார்கள். படிக்கும்போது மனசு வலிக்கும்.

அப்புறம் கிளான்ஸ், கிளிம்ப்ஸ். கடிகாரத்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பது கிளான்ஸ், நாமாகச் செய்வது. கூட்டத்தில் ஒருவர் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தால் கிளிம்ப்ஸ். லுக், சீ வித்தியாசமேதான், நேரம் மட்டும் குறைவு.

கேள்வி: நோட்டிஸ், அப்சர்வ், ஸ்பாட்?

பதில்: எதேச்சையாகக் கவனத்தில் பட்டால் நோட்டிஸ். வேண்டுமென்றே உன்னிப்பாகக் கவனித்து வந்தால் அப்சர்வ். எளிதில் தெரியாததைக் கண்டுபிடித்தால் ஸ்பாட். எழுத்துப் பிழையை ஸ்பாட் செய்வார்கள்.

கேள்வி: மேலதிகாரிக்கு ‘ப்ளீஸ் ஓவர்லுக் த ரிப்போர்ட்’ என்று மெயில் அனுப்பிவிட்டேன். பெரிய தவறா?

பதில்: பொருள் தலைகீழாகிவிட்டது. ஓவர்லுக் என்றால் கவனிக்காமல் விட்டுவிடுவது, அல்லது தவறைப் பொருட்படுத்தாமல் விடுவது. நீங்கள் நினைத்தது லுக் ஓவர், ஒருமுறை பார்வையிடுவது. ஓவர்சீ என்பது மேற்பார்வை செய்வது. திருத்தி ஒரு வரி அனுப்பிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: ‘சாப்பிட்டுப் பார்’, ‘பார்த்துப் போ’ இதற்கெல்லாம் சீ வருமா?

பதில்: வராது. இங்கே ‘பார்’ கண்ணை விட்டு வெளியே போய்விட்டது. சாப்பிட்டுப் பார் என்றால் ‘ட்ரை இட்’. படியில் இறங்குபவரிடம் ‘பார்த்துப் போ’ என்றால் ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’. பாட்டியைப் பார்த்துக்கொள் என்றால் ‘லுக் ஆஃப்டர்’. ‘வேலை பார்க்கிறார்’ என்பதில் பார்வையே கிடையாது, வெறும் ‘வொர்க்ஸ்’தான். ‘ஓடப் பார்த்தான்’ என்றால் ‘ஹி ட்ரைட் டு ரன்’. வேறு ‘பார்’ ஏதாவது அகப்பட்டால் முழு வாக்கியத்தோடு அனுப்புங்கள்; சொல்லை மட்டும் அனுப்பினால் என்னால் பதில் சொல்ல முடியாது.